மார்தெல்லோ: ஒரு கோபுரத்தின் பெயரும் அதன் சமூக வரலாறும்

யேம்ஸ் ஜொய்ஸின் ‘யுலிசீஸ்’ 1922ஆம் ஆண்டு வெளிவந்த நாவல். அந்நாவலின் நனவோடை உத்தி பற்றியும் ஹோமரின் காவியத்தோடு அதற்குள்ள உறவு பற்றியும் நம் வகுப்பறைகளில் அடிக்கடி பேசுகிறோம். ஆனால் நாவல் தொடங்கும் இடத்தை ஒரு பின்னணித் திரைச்சீலையாகவே கருதிக் கடந்து சென்றுவிடுகிறோம். டப்ளின் நகருக்குத் தெற்கே சாண்டிகோவ் என்னுங் கடற்கரையில் உள்ள ஒரு வட்டக் கோபுரத்தின் உச்சியிலேதான் கதை தொடங்குகிறது. 1904ஆம் ஆண்டு யூன் 16ஆந் திகதிக் காலை. ஸ்ரீபன் டெடலஸ் என்னும் இளைஞனும், அவனுடைய நண்பனான மலிகனும், ஹெய்ன்ஸ் என்னும் ஆங்கிலேயனும் அங்கு குடியிருக்கின்றனர். அது வீடன்று, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் பிரித்தானியப் போர்த் திணைக்களம் எழுப்பிய காவற்கோட்டை. மார்தெல்லோ கோபுரம் என்பது அதன் பெயர்.

அப்பெயர் எங்கிருந்து வந்தது என்னும் வினாவை ஒரு சொல்லாராய்ச்சிச் சிறுபிரச்சினையாகக் கொண்டு இரண்டு வரியில் விடை கூறிவிடலாம். அகராதிகள் அதனையே செய்கின்றன. எனினும் ஒரு பெயர் திரிந்த வரலாறு வெறும் ஒலித்திரிபு வரலாறாக அமைவது அரிது. யார் கேட்டார், யார் எழுதினார், எழுதியதைப் பிறர் ஏற்கச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பவற்றையுஞ் சேர்த்து நோக்கினாலன்றி அத்திரிபு விளக்கம் பெறாது. நம்மிடையே ஊர்ப்பெயராய்வு பெரும்பாலும் ஒலியொப்புமையை மட்டும் துணைக்கொண்டு நடைபெறுகின்ற நிலையில், தூரத்து உதாரணம் ஒன்றை நிதானமாக ஆராய்வது பயனுடைத்து என நாம் கருதுகிறோம்.

முதலிற் கோபுரத்தின் அமைப்பைக் கூறிவிடுவோம். மார்தெல்லோ கோபுரம் ஏறத்தாழ 30 முதல் 40 அடி வரை உயரமுடையது; அடி அகன்று மேலே சற்றுக் குறுகிச் செல்வது. கவிழ்த்து வைத்த பூச்சாடி போன்ற தோற்றம் என்றால் வாசகர் விளங்கிக்கொள்வர். கீழ்த்தளத்தில் வெடிமருந்தும் உணவுப் பொருள்களும். நடுத்தளத்திற் படைவீரர் உறையும் அறை. உச்சியில் திறந்த தளத்திலே சுழலச்சின் மீது பொருத்தப்பட்ட ஒரு பெரும் பீரங்கி. அது எத்திசையும் திரும்பிச் சுடவல்லது. வாயில் நிலமட்டத்தில் இராது; நடுத்தளத்தில், ஏணி வைத்து ஏறவேண்டிய உயரத்தில் இருக்கும். இங்கிலாந்தின் தென்கரைக் கோபுரங்களில் கடலை நோக்கிய சுவரின் தடிப்பு 13 அடியளவினது. தரையை நோக்கிய பக்கம் அதிற் பாதியளவே. ஓர் அதிகாரியும் 24 போர்வீரரும் இருந்து காப்பதற்கென அவை திட்டமிடப்பட்டன. வட்டச் சுவரிற் பட்ட குண்டு வழுக்கி விலகும். மூலைகள் இன்மையால் இடிந்து விழக்கூடிய பலவீனமான இடமும் இல்லை. சிறிய செலவிற் பெரிய தடையை உண்டாக்குவதே இவ்வமைப்பின் தர்க்கம்.

இவ்வமைப்பை ஆங்கிலேயர் கண்டுபிடிக்கவில்லை. மத்தியதரைக் கடலிலுள்ள கோர்சிக்காத் தீவு நெடுங்காலம் செனோவாக் குடியரசின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியும் 1562 வரை நேரடியானதன்று. செனோவா நகரத்தின் சென் ஜோர்ஜ் வங்கியே தீவை நிருவகித்தது. ஒரு வங்கி ஒரு நாட்டை ஆண்ட அச்செய்தி, வணிக மூலதனத்தின் தொடக்க கால வரலாற்றிற் கவனத்துக்குரியது. வட ஆபிரிக்கக் கடற்கொள்ளையர் கரையோரக் கிராமங்களில் இறங்கி மக்களை அடிமைகளாகக் கவர்ந்து சென்ற பதினாறாம் நூற்றாண்டிலே, தீவைச் சுற்றிலும் வட்டக் காவற்கோபுரங்கள் எழுந்தன. காவலாளர் கடலைப் பார்த்திருந்து, கப்பல் தென்பட்டதும் தீ மூட்டிப் புகையெழுப்புவர். அடுத்த கோபுரம் அதைக் கண்டு தானும் எழுப்பும். வயலிலும் மலைச்சரிவிலும் நின்ற மக்கள் ஓடித் தப்புவதற்கு அதுவே அறிகுறி.

தீவின் வடக்கே சென் புளோரன் எனப்படும் விரிகுடாவின் வாயிலில் ஒரு முனை உண்டு. மொர்தெல்லா முனை என்பது அதன் பெயர். இத்தாலிய மொழியில் ‘மொர்தெல்லா’ என்பது மத்தியதரைக் கரையெங்கும் புதராக வளரும் ஒருவகை நறுமணச் செடியைக் குறிக்கும். வெண்ணிறப் பூவும் கருநீலப் பழமும் உடைய அச்செடியை ஆங்கிலத்தில் மேர்ட்டில் என்பர். தாவரவியலார் அதனை நம் நாவலும் கொய்யாவும் சேர்ந்த அதே குடும்பத்தில் வைக்கின்றனர். ஆகவே மொர்தெல்லா முனை என்னும் பெயர் நம் நாவற்குழியை ஒத்த ஓர் ஊர்ப்பெயர்தான். ஆடு மேய்ப்போரும் மீன்பிடிப்போரும் கண்ணாற் கண்டதை வைத்து இட்ட பெயர். அம்முனையில் 1560களின் நடுப்பகுதியில் எழுந்த கோபுரமும் அப்பெயரையே பெற்றது.

இனி 1794ஆம் ஆண்டுக்கு வருவோம். புரட்சிப் பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் போர் மூண்டிருந்தது. தூலோன் துறைமுகத்தை இழந்த பிரித்தானியக் கடற்படைக்கு மத்தியதரையில் ஒரு தளம் தேவைப்பட்டது. கோர்சிக்காவின் தலைவர் பவோலி பிரான்சுடன் முரண்பட்டுப் பிரித்தானியரின் உதவியை நாடியிருந்தார். ஹுட் பிரபுவின் கடற்படை பெப்ரவரி மாதம் சென் புளோரன் விரிகுடாவை அணுகியது. வாயிலில் மொர்தெல்லாக் கோபுரம். அதனுள்ளே பிரெஞ்சுக் காவலர் முப்பதுக்குச் சற்று மேற்பட்டோர்; பீரங்கிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. பெப்ரவரி 8ஆந் திகதி 74 பீரங்கிகள் தாங்கிய ‘போர்ட்டிற்யூட்’ என்னும் போர்க்கப்பலும் 32 பீரங்கிகளுடைய ‘யூனோ’வும் இரண்டரை மணிநேரம் அதனைத் தாக்கின. கோபுரம் அசையவில்லை. மாறாகக் கோபுரத்திலிருந்து வந்த பழுக்கக் காய்ச்சிய குண்டுகள் போர்ட்டிற்யூட்டிலே தீயை மூட்டின. அறுபது பேரளவில் இறந்தும் காயமுற்றும் போகக் கப்பல் பின்வாங்கியது. பின்னர் தரையிலிறங்கிய படையினர் மேட்டு நிலத்திற் பீரங்கிகளை ஏற்றிக் காய்ச்சிய குண்டுகளைச் சுட்டு, கோபுரத்தின் மேற்சுவருக்கு உட்புறமாக அடைத்திருந்த நார்ப்பொதியைத் தீப்பற்றச் செய்த பின்னரே காவலர் சரணடைந்தனர். இரு நாட்கள் நின்றது அந்தப் பழைய கோபுரம்.

தோல்வியிலிருந்து பாடங் கற்பதில் ஆளும் வர்க்கத்தின் இராணுவத்தார் பின்நிற்பதில்லை. கோபுரத்தின் வரைபடங்கள் எழுதப்பட்டன. கடற்படைத் தளபதி ஜேர்விஸ் இத்தகைய கோபுரங்கள் பகைவர் இறங்கக்கூடிய கரைகள் எங்கும் எழவேண்டுமென விரும்பினார். 1796இற் கோர்சிக்காவைக் கைவிட்டுச் செல்லும்போது பிரித்தானியர் மொர்தெல்லாக் கோபுரத்தை வெடிவைத்துப் பிளந்தனர். பாதி சிதைந்த அக்கோபுரம் இன்றும் அம்முனையில் நிற்கிறது. வடிவத்தை எடுத்துக்கொண்டு மூலத்தை அழித்துச் சென்ற இச்செயலும், பெயர் விடயத்தில் நிகழ்ந்ததும் ஒரே தன்மையன.

அக்காலக் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் இப்பெயரின் உயிரெழுத்துகள் நிலைகொள்ளாது தடுமாறுகின்றன. இறுதியில் முதல் ஓகாரம் ஆகாரமாகவும், ஈற்று ஆகாரம் ஓகாரமாகவும் இடம்மாறி ‘மார்தெல்லோ’ என்பது நிலைபெற்றது. இத்தாலிய மொழியில் ‘மார்தெல்லோ’ என்றால் சம்மட்டி. பூஞ்செடி சம்மட்டியாயிற்று!

இவ்விடத்திலே ஒரு மாற்றுக் கருத்தையும் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். இத்தாலியக் கரைகளிற் கடற்கொள்ளையர் வரவைக் கண்ட காவலர் மணியைச் சம்மட்டியால் அடித்து ஊரை எழுப்புவது வழக்கம். ஆபத்துக்கால மணியடிப்பைச் ‘சம்மட்டியால் ஒலித்தல்’ என்றே இத்தாலியர் கூறுவர். ஆதலால் சம்மட்டிக் கோபுரம் என்பதே பெயரின் மூலம், மொர்தெல்லா முனைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்போர் உளர். கேட்பதற்கு இக்கருத்து மிக அழகானது. பெயருக்கும் பொருளுக்கும் பொருத்தம் காட்டுவது. அவ்வழகே நம்மை எச்சரிக்கை கொள்ளச் செய்யவேண்டும். இத்தாலி, சார்தீனியா, சிசிலி ஆகியவற்றின் கரைகளில் இத்தகைய கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆங்கிலேய வணிகரும் மாலுமிகளும் அவற்றை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அவ்வாறிருந்தும் 1794க்குப் பின்னரே, அதுவும் கோர்சிக்காவின் குறிப்பிட்ட ஒரு கோபுரத்தோடு மோதிய கடற்படையின் வாயிலாகவே, இச்சொல் ஆங்கிலத்தில் ஓர் இனப்பெயராக வழங்கத் தொடங்குகிறது. பெயர் பிறந்த இடத்தைத் தீர்மானிப்பது இந்த வரலாற்றுச் சந்தர்ப்பமே. சம்மட்டிக்கு உரிய பங்கு வேறு. இத்தாலியச் சொற்கள் சிலவற்றைக் காதாற் கேட்டறிந்த அதிகாரியின் மனத்திற் செடியின் பெயர் இராது, சம்மட்டியின் பெயர் இருக்கும். அறியாத சொல்லை அறிந்த சொல்லின் பக்கம் இழுத்துச் சென்றது அவ்வறிவு. பிறப்பிடம் மொர்தெல்லா, திரிபுக்கு வழிகாட்டி மார்தெல்லோ என்பதே நமது முடிபு.

மொழியியலார் இத்தகைய திரிபை ‘மக்கட் சொற்பிறப்பு’ என்பர். இங்கு அப்பெயர் பொருந்துமா? மொர்தெல்லாவின் மக்கள் எதனையும் திரிக்கவில்லை. திரித்தவர்கள் கப்பற்தலைவர்களும், அறிக்கை படியெடுத்த எழுதுவினைஞர்களும், வரைபடத் திணைக்களத்தாருமே. திருகோணமலையும் தரங்கம்பாடியும் தூத்துக்குடியும் அந்நியர் ஏடுகளில் என்ன உருவெடுத்தன என்பதை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வகைத் திரிபுகளை நாவின் இயலாமை என்று மட்டும் கருதுவோர், அந்த நாவின் பின்னால் நின்ற பீரங்கியை மறந்துவிடுகின்றனர்.

இங்கிலாந்தில் இக்கோபுரங்கள் எழுந்த கதையிலே நகைமுரண் மிகுதி. நெப்போலியன் புலோன் துறையிற் பெரும்படை திரட்டி நின்ற காலத்தில், 1804 ஒக்தோபர் 21ஆந் திகதி ரொச்செஸ்ரர் நகரிற் கூடிய மாநாடொன்றிலே, பிரதமர் வில்லியம் பிற் முதலானோர் முன்னிலையிற் கோபுரத் திட்டம் முடிவாயிற்று. சரியாக ஓராண்டின் பின்னர், 1805 ஒக்தோபர் 21இல், திரபல்கார் கடற்போர் நிகழ்ந்தது. அதற்கு முன்னரே நெப்போலியன் புலோன் முகாமைக் கலைத்துவிட்டுக் கிழக்கு நோக்கிச் சென்றுவிட்டான். கட்டட வேலையோ 1805இலேதான் தொடங்கியது! ஆபத்து நீங்கிய பின்னர் போக்ஸ்டன் முதல் சீபோர்ட் வரை 74 கோபுரங்களும், 1808இலிருந்து 1812 வரை கிழக்குக் கரையில் மேலும் 29 கோபுரங்களும் எழுந்தன. ஒரு கோபுரத்துக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் செங்கல் தேவைப்பட்டது. தென்கரை வேலையை வில்லியம் ஹொப்சன் என்னும் ஒப்பந்தகாரர் பொறுப்பேற்றார். பகைவன் வராவிடினும் ஒப்பந்தம் நிறைவேற வேண்டுமன்றோ? 1823இல் அக்கரை வழியே குதிரையிற் சென்ற தீவிரவாத எழுத்தாளர் வில்லியம் கொபெற், முப்பதுக்கு மேற்பட்ட கோபுரங்களை எண்ணிப் பார்த்து, பொதுமக்களின் வரிப்பணம் செங்கல்லாகி நிற்பதைக் கடுமையாக ஏளனஞ் செய்து எழுதினார். உழவுத் தொழிலாளர் பசியையும் கரையோரக் கோபுரங்களையும் ஒரே பயணத்திற் பார்த்த கண் அவருடையது.

அக்கோபுரங்களின் பீரங்கிகள் படையெடுத்து வந்த எவரையும் சுடவில்லை. எனினும் அவை பயனற்றுக் கிடக்கவுமில்லை. போர் முடிந்தபின் 1817 முதல் கெண்ட், சசெக்ஸ் கரைகளிற் கள்ளக்கடத்தலைத் தடுக்கும் கடற்படைக் காவலர் பல கோபுரங்களிற் குடியேற்றப்பட்டனர். தேயிலைக்கும் புகையிலைக்கும் மதுவுக்கும் விதிக்கப்பட்ட தீர்வை, கடத்தலை வறிய கரையோர மக்களின் துணைத்தொழிலாக ஆக்கியிருந்தது. பிரெஞ்சுக்காரனை எதிர்பார்த்துக் கட்டிய சுவர், அயற்கிராமத்தவனை வேவு பார்க்கும் சுவராயிற்று. 1860இல் சசெக்ஸ் கரைக் கோபுரமொன்றின்மீது புதிய ஆம்ஸ்ரோங் பீரங்கிகளைச் சுட்டுப் பரிசோதித்தபோது அது சிதறியது. அதனோடு இவ்வடிவத்தின் இராணுவ மதிப்பும் ஒழிந்தது.

அயர்லாந்தில் நிலைமை வேறு. அங்கு ஏறத்தாழ ஐம்பது கோபுரங்கள் எழுந்தன. டப்ளினைச் சூழ்ந்தவை 1804, 1805 ஆம் ஆண்டுகளுக்குரியவை, இங்கிலாந்துக் கோபுரங்களுக்கு முந்தியவை. 1796இற் பன்றி விரிகுடா வரை வந்த பிரெஞ்சுக் கப்பல்களும், 1798ஆம் ஆண்டின் ஐக்கிய ஐரிஷ்காரர் கிளர்ச்சியும், 1803இல் ரொபேட் எமெற் தலைமையில் டப்ளினில் எழுந்து அடக்கப்பட்ட எழுச்சியும் அவற்றின் பின்னணி. பிரெஞ்சுப் படை இறங்குவது ஆளுவோருக்கு அச்சந் தந்தது உண்மை. இறங்கினால் அதனை வரவேற்கக் கரையில் மக்கள் காத்திருப்பர் என்பது அதனினும் பெரிய அச்சம். ஆதலால் அயர்லாந்தின் மார்தெல்லோவுக்குப் பகைவர் கடலில் மட்டும் இல்லை.

ஜொய்ஸ் இதனை உணர்ந்திருந்தார் என்பதிலே நமக்கு ஐயமில்லை. 1904 செப்தெம்பரில் அவர் சாண்டிகோவ் கோபுரத்தில் நண்பர் ஒலிவர் கோகார்ட்டியுடன் ஒரு வாரத்துக்குங் குறைவாகவே தங்கினார். உடனிருந்த இன்னொருவர் நள்ளிரவிற் கனவில் கருஞ்சிறுத்தையைக் கண்டு அலறித் துவக்கெடுத்துச் சுட, கோகார்ட்டியும் தன் பங்குக்கு ஜொய்ஸின் தலைக்கு மேலிருந்த பாத்திரங்களைச் சுட்டு வீழ்த்த, ஜொய்ஸ் உடனே எழுந்து வெளியேறியவர் திரும்பவில்லை. கோபுரத்துக்குள்ளே நடந்த அந்தத் துவக்குச்சூடு நாவலின் முதல் அத்தியாயத்திற்கு வித்தாயிற்று. அவ்வத்தியாயத்தில் ஒரு காட்சி நம் பொருளோடு நேரடித் தொடர்புடையது. பால்கொண்டு வரும் முதிய ஐரிஷ் பெண்ணிடம் ஆங்கிலேயனாகிய ஹெய்ன்ஸ் ஐரிஷ் மொழியிற் பேசுகிறான். அவளுக்கு அது விளங்கவில்லை. பிரெஞ்சு மொழியோ என்று கேட்கிறாள். தன் சொந்த மொழியை, அதனை ஒடுக்கிய நாட்டவன் வாயிலிருந்து கேட்டும் அவளால் அடையாளங் காண முடியவில்லை. பெயரே திரிந்த ஒரு கோபுரத்தின் சுவருக்குள் இக்காட்சியை ஜொய்ஸ் நிகழ்த்தியிருக்கிறார். அவ்விடத்தை வெறும் பின்னணி என்று கொள்வோர் காட்சியின் பாதியை இழந்துவிடுகின்றனர். அக்கோபுரம் 1962இல் ஜொய்ஸ் நினைவு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

பேரரசு சென்ற இடமெல்லாம் கோபுரமுஞ் சென்றது. கனடாவின் ஹலிபக்ஸ், கியூபெக் முதலிய இடங்களில் அவற்றைக் காணலாம். சியரா லியோனின் பிறீரவுணில் 1805இல் எழுந்த கோபுரம், அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் குடியேற்றத்தைத் தாக்கிய தெம்னே மக்களை மனத்திற் கொண்டது. மொறீசியஸ் தீவின் கோபுரங்கள் இன்னும் நுணுகி நோக்கத்தக்கன. அவை 1830களின் முற்பகுதியைச் சேர்ந்தவை. நெப்போலியன் இறந்து பத்தாண்டு கடந்த காலம். கரும்புத் தோட்ட முதலாளிகள் பிரெஞ்சு வழியினர். அடிமைமுறை ஒழிப்பை எதிர்த்தவர்கள். 1832இல் அடிமைமுறைக்கு மாறான கருத்துடைய ஜோன் ஜெரமி என்னும் சட்ட அதிகாரி வந்திறங்கியபோது வணிக நிலையங்களை மூடி எதிர்ப்புக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பச் செய்தனர். அவர்கள் கிளர்ந்தெழக்கூடும், பிரான்சு துணைக்கு வரக்கூடும் என்ற ஐயமே அங்கு கோபுரங்களுக்குக் காரணமாயிற்று. 1835இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. மார்தெல்லோ எப்பொழுதும் ஒடுக்கப்பட்டோரை நோக்கியே திரும்பி நின்றது என்று நாம் எளிதாகக் கூறிவிட இயலாதபடி மொறீசியஸ் தடுக்கிறது. ஆளும் வர்க்கத்தாரிடையே முரண்பாடு தோன்றும்போது பீரங்கி அப்பக்கமும் சுழலும். அதற்காகத்தானே சுழலச்சு!

நமது தீவிலும் ஒரு மார்தெல்லோ உண்டு. அம்பாந்தோட்டையில், விரிகுடாவை நோக்கிய பாறை முனையின்மீது நிற்கும் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குரியது. அதற்குமுன் அங்கே ஒல்லாந்தர் சிறு காவலரண் வைத்திருந்தனர். பிரெஞ்சுக் கடற்படை பற்றிய அச்சம் இங்கும் இருந்தது. ஆயினும் அம்பாந்தோட்டையை உண்மையில் தாக்கியவர் பிரெஞ்சுக்காரர் அல்லர். 1803 யூன் மாதம் கண்டியிற் பிரித்தானியக் காவற்படை அழிக்கப்பட்டதைத் தொடர்ந்து, ஓகஸ்ட், செப்தெம்பர் மாதங்களிற் கண்டிப் படைகள் அம்பாந்தோட்டையை முற்றுகையிட்டன. என்சைன் பிரெண்டர்காஸ்ற் என்பவரின் சிறு காவற்படை, துறையில் நின்ற ‘மினேர்வா’ என்னும் கப்பலின் துணைகொண்டே தப்பியது. கோபுரம் அதன்பின் எழுந்தது. கண்டி அரசனிடம் கடற்படை எதுவும் இல்லை. கடற்கோபுரம் ஒன்று கடலில்லாப் பகைவனுக்கு எதிராக எழுந்தது என்பதைப் புரிந்துகொள்ள அம்பாந்தோட்டையின் உப்பளங்களைப் பார்க்கவேண்டும்.

1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஒல்லாந்தர் தீவின் கரையோரம் முழுவதையும் தமதாக்கிக்கொண்டனர். அன்றுமுதல் மலைநாட்டு மக்கள் உண்ணும் உப்பு அந்நியர் கையில் இருந்தது. ஒல்லாந்தரிடமிருந்து கரையைப் பெற்ற பிரித்தானியருக்கு உப்பு வருமானமாகவும் ஆயுதமாகவும் விளங்கியது. கண்டியுடன் போர் மூண்டபோது கரையின் வழிகளை அடைத்துவிட்டால் மலைநாடு உப்பின்றித் தவிக்கும். அம்பாந்தோட்டையைச் சூழவுள்ள லேவாயக்கள், கோடையில் நீர் வற்றித் தாமாகவே உப்பு விளையும் களப்புகள். அவ்வுப்பு ஏறிச் செல்லும் துறையின் தலைமாட்டிலேதான் அக்கோபுரத்தைக் கட்டினார்கள்.